மூன்றாம் லேனில் மாற்றி வைத்த கிளிப்

ஒரு காகிதத்தைப் பலகையில் நிற்கவைப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று, துப்பாக்கி சுடும் இடத்தில் வேலைக்குச் சேரும்வரை எனக்குத் தெரியாது. நகரத்தின் ஓரத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் ஒன்பது வருஷமாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒப்பந்த வேலைதான். பெல்லட் எனும் சின்ன ஈயக் குண்டு டப்பாக்களை எடுத்துக் கொடுப்பது, பூட்டு சாவி, டார்கெட் பேப்பர்களை மழை ஈரத்திலிருந்து காப்பாற்றுவது, போட்டி நாட்களில் அவற்றை மாட்டுவது. துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. தொட ஆசையும் வந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஆசை முழுவதையும் என் தங்கையே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது பிடித்த பைத்தியம் அது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். இடது கையைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, வலது கையை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி நிற்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் இமை அசையாது. கரமனையில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் கிளாஸ் போறா" என்று அம்மா சொல்லிவிடுவாள். பத்து வருஷமாக ஒரு பெண் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறாள் என்றால் எவ்வளவு மக்காக இருக்க வேண்டும் என்று தெரு நினைத்ததோ தெரியாது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

காலை ஆறரைக்கு ரேஞ்சுக்கு வருவாள். ஒன்பது மணிக்குப் பஸ் பிடித்துத் தம்பானூர் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு ஓடுவாள். அங்கே பில் போடும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் நிற்க வருவாள். அவள் எதற்காக அப்படி நின்றாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் அரசுத் துறையில் விளையாட்டுக்காரர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. தேர்வுப் போட்டியில் அவர்கள் சொல்லும் புள்ளிகளை எடுத்துவிட்டால் வேலை. முந்தைய முறை அவளுக்குக் காய்ச்சல். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும், ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் நன்றாகச் சுடுகிறாள் என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்த ஐப்பசியில் எங்கள் ரேஞ்சின் எலக்ட்ரானிக் டார்கெட்டுகளை இடி தின்றுவிட்டது. துலா மழை இடி எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாலை நாலு மணிக்கு வானம் ஒருமுறை உறுமியது, ஆளுக்கு ஒன்றாக நின்று சுடும் எட்டு லேன்களின் திரைகளும் ஒன்றாக அணைந்தன. பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். எங்கள் ரேஞ்சிலேயே நடக்கவிருந்த அந்தத் தேர்வுப் போட்டிக்கு இருந்தது மூன்று வாரம். பேப்பரில் நடத்திவிடலாம் என்று மேலிடத்தில் முடிவானது. பரணிலிருந்து பழைய கப்பிகளும் கயிறுகளும் இறங்கின. சுடுகிறவர் நிற்கும் இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால், கயிற்றில் தொங்கும் சின்னப் பலகை பத்து மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். திருப்பிச் சுற்றினால் திரும்பி வரும். அந்தப் பலகையில் பேப்பரை எதனால் பிடித்துவைப்பது என்பதை மட்டும் என் பொறுப்பில் விட்டார் ரேஞ்ச் ஆபீசர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதட்டத் தெரியாதவர். என்னை "மாமி" என்றுதான் கூப்பிடுவார். இந்த மலையாள ஊரில் எங்கள் தமிழ்த் தெருப் பெண்கள் எல்லோரும் இருபது வயதிலிருந்தே மாமிதான்.

நான் அதைச் சிரத்தையாகவே செய்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சிரத்தையை நினைத்துத்தான் வயிறு எரிகிறது.

முதலில் ஆபீஸ் மேஜையில் கிடந்த கறுப்பு பைண்டர் கிளிப்புகளை மாட்டிப் பார்த்தேன். பிடி உடும்புப் பிடி. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குறி தவறி ஒரு கிளிப்பை அடித்தார். பெல்லட் இரும்பில் பட்டு எகிறி அவர் முழங்காலுக்கே திரும்பி வந்தது. காயம் ஒன்றுமில்லை, ஆனால் அதோடு இரும்பு வேண்டாம் என்று ஆனது. டிராயிங் பின் குத்திப் பார்த்தேன். கடல் காற்றில் நாலே நாளில் துருப்பிடித்து, பேப்பரில் மஞ்சள் கறையை இறக்கியது. செல்லோ டேப் ஈரத்தில் தானாகவே கழன்று, சுட்டுக்கொண்டிருக்கும்போதே பேப்பர் தலைகுப்புறத் தொங்கியது. ஸ்டேப்ளர் கன் வாங்கலாம் என்று ஒரு கோச் சொன்னார். இரவல் வாங்கி அடித்துப் பார்த்தேன். பிடிக்கிறது, ஆனால் ஒவ்வொரு பேப்பரையும் பிடுங்கும்போது மூலை கிழிகிறது, பலகையில் கம்பி மிச்சம் நிற்கிறது. போட்டியில் ஒருவருக்கு எட்டு பேப்பர். கம்பி பிடுங்கியே பொழுது போய்விடும். வாட்ச்மேன், கட்சிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டுவதுபோல மைதாப் பசை காய்ச்சித் தடவலாமே என்றார். அதையும் விடவில்லை, காய்ச்சினேன். பசை காய்ந்ததும் பேப்பர் அப்பளம்போல விறைத்தது. பெல்லட் பட்டால் வட்டமாக ஓட்டை விழாமல் நாலு பக்கமும் பிய்ந்தது. அதில் புள்ளி பார்க்க முடியாது. மிச்சத்தைக் கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டன.

கடைசியில் விடை எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. துணி உலர்த்தும் மரக்கிளிப். மரம் என்பதால் பெல்லட் எகிறாது, புதைந்துவிடும். ஒரு பேப்பருக்கு நாலு மூலைக்கு நாலு. எடுக்கவும் மாட்டவும் ஒரு நொடி. பிளாஸ்டிக்கில் கிடைப்பவை பெல்லட் பட்டால் உடைந்துபோகும், மரத்தில்தான் வேண்டும். சாலை என்கிற கடைத்தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் பிளாஸ்டிக்கைத்தான் நீட்டினார்கள். கடைசியில் ஒரு பாத்திரக்கடையின் மேல்தட்டில் மரக்கிளிப் இரண்டு டஜன் இருந்தது. இன்னும் ஒரு டஜன் அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். அடுத்த வாரம் போட்டி முடிந்திருக்கும்.

எட்டு லேனுக்கு முப்பத்திரண்டு வேண்டும். இருபத்துநாலுதான் புதிது. மீதி எட்டுக்கு வீட்டுக் கொடியிலிருந்தவற்றை எடுத்து வந்தேன். பல மழையும் ஈரப் புடவைகளும் பார்த்தவை. ஸ்பிரிங் தளர்ந்தவை. ஒவ்வொன்றையும் என் விரல்நுனியில் கடிக்கவிட்டுப் பார்த்தேன். புதிது கடித்தால் சுருக்கென்று கண்ணில் நீர் வரும். பழையது, பல்லில்லாத வாயால் கடித்த மாதிரி. ஆனாலும் பிடித்தது. முதல் ஆறு லேன்களில் புதியதும், ஏழிலும் எட்டிலும் பழையதுமாக மாட்டினேன். யாருக்கு எந்த லேன் என்பது போட்டியன்று காலையில் சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். அதனால் அதில் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ரேஞ்சுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஸ்டோரில் இருக்கிறவள் தன் தங்கைக்கு மட்டும் டார்கெட் பேப்பரை வாரி வழங்குகிறாள் என்று. நான் அவளுக்குக் கொடுத்தது, மற்றவர்கள் சுட்டுப்போட்ட பேப்பரின் பின்பக்கம். பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள். ரேஞ்ச் ஆபீசர் கடிதத்தை என்னிடம் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார், கிழித்துக் குப்பையில் போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கேட்காமல் நம்பிவிட்டதால், அந்த நம்பிக்கையைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன். தங்கை ரேஞ்சுக்குள் வந்தால் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன். அவள் பேப்பர் கேட்டால் மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் கொடுப்பேன்.

அது எனக்குப் புதிதும் அல்ல. எங்கள் வீட்டுப் பழக்கமே அதுதான். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எங்களுக்குக் கடைசிப் பந்தி. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்ட பிறகு, பாயசம் தீர்ந்து ரசம் அடிமண்டியாக இருக்கும்போது, அம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். உடைந்த அப்பளம் எங்களுக்கு. "நம்மாத்து மனுஷாளுக்கு எதுவானாலும் போறும்" என்பாள். அதில் அவளுக்குக் குறை இல்லை, பெருமை. நம்முடையவர்கள் என்றால் முகம் சுளிக்க மாட்டார்கள், குறையைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற பெருமை. எங்கள் தெருவில் அப்படித்தான் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் பிரியத்தைக் காட்டுவார்கள். நானும் தங்கையும் உடைந்த அப்பளத்தைச் சாப்பிட்டே வளர்ந்தோம். கேவலம் அப்பளம்தானே, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

போட்டியன்று காலை சீட்டுக் குலுக்கினார்கள். தங்கைக்கு மூன்றாவது லேன் வந்தது. மூன்றில் புதிய கிளிப்.

எட்டாவது லேன் கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. அவளுடைய கோச் பலகையைப் பார்த்துவிட்டு, இது பழைய கிளிப் மாதிரி இருக்கிறதே என்று மலையாளத்தில் கேட்டார். புகார் சொல்லும் தொனியில்கூட இல்லை, சும்மா கேட்டார். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. சுடுகிறவர்களின் அப்பா அம்மாக்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மூன்றாவது லேனையும் எட்டாவது லேனையும் மாறிமாறிப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் நேராக மூன்றாவது லேனுக்குப் போனேன். நாலு புதிய கிளிப்பையும் கழற்றினேன். எட்டாவதில் மாட்டினேன். எட்டாவதிலிருந்த பழைய நாலையும் கொண்டுவந்து மூன்றில் மாட்டினேன். போதாததற்கு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எங்க ஆத்துக் குட்டியாக்கும். அவளுக்கு எதுவானாலும் போறும்" என்றேன்.

அந்தக் கோச் சிரித்துக்கொண்டே கைகூப்பினார். ரேஞ்ச் ஆபீசர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். என் உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அந்த இடத்தில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. தங்கை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததைப் பார்த்துவிட்டு, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். அவளும் அதே வீட்டில் சாப்பிட்டவள்தானே.

நாற்பது குண்டு. ஒரு பேப்பருக்கு ஐந்து. நான் மூன்றாவது லேனுக்கும் நாலாவதுக்கும் நடுவில் நின்று, அந்த இரண்டு லேன்களின் கப்பிகளைப் பார்த்துக்கொண்டேன். ஆறு பேப்பர்வரை அவள் கனவில் சுடுகிறவள்போலச் சுட்டாள். ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது. பேப்பரை மாற்றும்போது எங்கள் விரல்கள் பட்டுக்கொண்டன. அவள் விரல் சில்லென்று இருந்தது, உலர்ந்திருந்தது. நல்ல அடையாளம் அது.

ஏழாவது பேப்பரின் மூன்றாவது குண்டு. வெளியே மழைக்கு முன் வரும் காற்று கிளம்பியிருந்தது. எதிர்ச் சுவரின் மேலே இருக்கும் காற்றுப் பொந்துகள் வழியாக அது உள்ளே இறங்கியது. அவள் கை மேலே போய், இறங்கி, நின்றது. நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்க மேல்மூலைக் கிளிப் வாய் திறந்தது. கீழே விழவில்லை. சற்றே நழுவியது. பேப்பர் ஒரு விரற்கடை சரிந்தது. அந்த நொடியில்தான் அவள் சுட்டாள்.

உடனே இடது கையைத் தூக்கினாள். அதுதான் விதி. அடுத்த குண்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ரேஞ்ச் ஆபீசர் வந்தார். டார்கெட் ஆடியது, கறுப்பு வட்டம் கீழே இறங்கியதைப் பார்த்தேன் என்று அவரிடம் மெதுவான குரலில் சொன்னாள். அவர் பலகையை வரவழைத்தார். கப்பியில் வரும்போது பலகை குலுங்கும், கிளிப்புகளும் குலுங்கும். வந்து சேர்ந்த பேப்பர் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆனால் அது சுடுவதற்கு முன்பே சரிந்ததா, வரும் வழியில் சரிந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. குண்டு ஏழில் விழுந்திருந்தது. பார்த்தவர் ஒருவர் உண்டு என்றால், அது ரத்துசெய்யப்பட்டு அவள் இன்னொரு முறை சுடலாம். அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அவர் என்னிடம் கேட்டார். "மாமி, டார்கெட் அனங்கியோ?"

ஆடியதா என்று கேட்கிறார். ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்காக்காரி சாட்சி சொல்கிறாள் என்று நாலு பேர் முணுமுணுத்திருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் அந்த முணுமுணுப்புதான், இன்னும் யாரும் முணுமுணுக்கவே இல்லாத முணுமுணுப்பு. கைகூப்பிய கோச் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் முன்பு எல்லோர் முன்னாலும் வாங்கிய நல்ல பேரை அதற்குள் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நல்ல பேர்தான்.

"ஞான் கண்டில்ல சார்" என்றேன். நான் பார்க்கவில்லை. அதுவே பாதிப் பொய்தான், யாரையும் குத்தாத பொய் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒழுங்கானவர், பாதியில் விடமாட்டார். அப்படியானால் ஆடவில்லை, அல்லவா என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார். நான், ஆடவில்லை என்றேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. குழம்பிப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தாள். மீதி ஏழு குண்டையும் சுட்டாள், எல்லாம் ஒன்பதும் பத்தும்தான். மொத்தத்தில் இரண்டு புள்ளி குறைந்தது. அந்த ஏழு ஒன்பதாக இருந்திருந்தால் போதும்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது, ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"நேக்கு ஆடினாப்லேயே இருந்துது அக்கா. டார்கெட் ஆடலேன்னா நான்தானே ஆடியிருக்கணும்?"

சொல்லிவிட்டு, ஏதோ கணக்கைப் போட்டு முடித்தவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். கண்டக்டர் வந்தார், டிக்கெட் கொடுத்தார், பாலம் வந்தது, இறங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் போட்டியைப் பற்றி அழவில்லை. வேலையைப் பற்றியும் பேசவில்லை. தன் கையைத்தான் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் காப்பி டம்ளரைத் தூக்கினால், விளிம்புவரை நிற்கும் காப்பி அசைகிறதா என்று பார்ப்பாள். காப்பி என்றால் அசையத்தான் செய்யும். அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வாள். நரம்பு டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கையை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார். வெளியே வந்ததும், "டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது அக்கா. கை ரொம்ப சின்னதா ஆடும், சுடறச்சேதான் தெரியும்" என்றாள். ரேஞ்சுக்கு வருவது வாரத்தில் ஆறு நாளிலிருந்து மூன்றானது, பிறகு நின்றே போனது. அம்மா ஊசியில் நூல் கோக்கச் சொன்னால், "என்னால முடியாது, அக்காகிட்ட குடு" என்பாள். முப்பது வயதுப் பெண். நாற்பது தாண்டிய நான், கண்ணாடி போட்டுக்கொண்டு கோத்துக் கொடுப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்காத நாளில்லை. முதல் வாரம் சொல்லியிருந்தால் அது ஒரு தப்பு. ஒரு மாதம் கழித்துச் சொன்னால், ஒரு மாதம் உன் கையை நீ சந்தேகப்படுவதை வேடிக்கை பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஆனால் அதற்கும் மேல். நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது பெருத்துக்கொண்டே போனது, சொல்லும் வாய் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் துணி உலர்த்தும்போது துணிந்து ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த ஏழாவது பேப்பர் இருக்கிறதே, ஒருவேளை அது கொஞ்சம் நழுவியிருக்கலாம் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் புடவையை உதறிக்கொண்டே சிரித்தாள்.

"என்னை சமாதானம் பண்ணாதே. நீ பாத்திருந்தா சொல்லியிருப்பே, நேக்குத் தெரியாதா?"

இப்படி ஒருத்தி நம்பினால் அவளிடம் எப்படித்தான் உண்மையைச் சொல்வது? அவள் திட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எலக்ட்ரானிக் டார்கெட்டுகள் மாசி மாதம் சரியாகிவிட்டன. பேப்பரும் கப்பியும் மறுபடி பரணுக்குப் போயின. வயது தாண்டியது. மறு வருஷம் ஓணத்துக்குப் பிறகு, தன் பிஸ்டலை விற்றுவிடலாம் என்று அவளே முடிவு செய்தாள். நான் வேண்டாம் என்றேன். சும்மா கிடந்து துருப்பிடிப்பதற்கு யாராவது சுடட்டுமே என்றாள். ஒரு பள்ளி ஆசிரியை தன் மகளுக்காக அதை வாங்க வந்தார். மகளுக்கு அன்று பரீட்சை, அதனால் அம்மா மட்டும் வந்திருந்தார். எல்லாச் சட்டக் காகிதங்களையும் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே, ஒருமுறை சுட்டுக் காட்ட முடியுமா என்று தங்கையிடம் கேட்டார்.

தங்கைக்கு இஷ்டமில்லை. சுட்டுப் பல மாதம் ஆகிவிட்டது என்றாள். அந்த அம்மாள் கெஞ்சவே, கடைசியில் மூன்றாவது லேனோ நாலாவதோ, எது திறந்திருந்ததோ அதில் போய் நின்றாள். இடது கையைப் பாக்கெட்டில் செருகினாள். வலது கை மேலே போய், இறங்கி, நின்றது. நான் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தேன்.

ஐந்து குண்டு. பக்கத்துத் திரையில் ஒவ்வொன்றாக விழுந்தது. பத்து. பத்து. பத்து. நாலாவதும் பத்து. ஐந்தாவது, பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு ஒன்பது. பல மாதமாகத் துப்பாக்கியைத் தொடாத கை. அந்தத் திரையில் சரிவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. இப்போது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். தானாகவே புரிந்துகொண்டுவிடுவாள், நான் சொல்ல வேண்டியிருக்காது, அவள் திரும்பி என்னைப் பார்க்கும்போது அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டால் போதும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிஸ்டலைப் பெட்டியில் வைத்துத் துடைத்தாள்.

அந்த அம்மாள் பிரமித்துப்போயிருந்தார். இவ்வளவு நன்றாகச் சுடுகிறவள் எதற்காக விடுகிறாய் என்று கேட்டார். தங்கை சிரித்தாள்.

"இது மெஷின். இப்போதான் ரிப்பேர் பண்ணினா, கொஞ்சம் தாராளமா காட்டும். என் கை ஆடும், மேடம். முக்கியமான நேரத்துல ஆடிடும். நானும் முதல்ல டார்கெட்தான் ஆடித்துன்னு நெனச்சேன். எங்க அக்கா பக்கத்துலேயே நின்னு பாத்துண்டிருந்தா. ஆடவே இல்லைன்னு அவளே சொன்னா. கேட்டுக்கோங்கோ."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். தங்கையும் திரும்பினாள், அதே சிரிப்போடு, நான் ஆமோதிப்பதற்காகக் காத்துக்கொண்டு.

ஆமாம் என்று தலையாட்டினேன்.